காற்று நேரம்

வலம்புரிக் கப்பலுக்குக் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் பயிற்சிக்குப் போய் வந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். முத்தரசி ஒருத்திதான் சொல்வாள். அவளும் கேட்பவர் முகம் பார்த்துத்தான் சொல்வாள்.

மூன்று பாய்மரம் வைத்த கப்பல் அது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடல் வேலைக்கு ஆசைப்பட்ட பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் புறப்பட்டு, அந்தமானைத் தொட்டுத் திரும்பினால் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். விடிவதற்குள் எழுந்து தேங்காய் மட்டையால் மேல்தளத்தைத் தேய்த்துக் கழுவி, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்கி, உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு நூலேணியில் ஏறவேண்டும். உச்சியில் குறுக்குக் கட்டையின்மேல் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து, கீழே பார்க்காமல் பாயை அவிழ்க்கவேண்டும், அவிழ்த்ததைச் சுருட்டவேண்டும், சுருட்டியதை மறுபடி அவிழ்க்கவேண்டும், உள்ளங்கைத் தோல் உரிந்து, உரிந்த இடம் காய்த்து, காய்த்த இடம் மறுபடி உரியும்வரை கயிறு இழுக்கவேண்டும். மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் முடிச்சு, அதற்குப் பிறகு முறை வைத்துக் காவல். முத்தரசி விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவள், கப்பலில் ஏறிய வாரம்தான் கடலையே முதன்முதலாகப் பார்த்தாள். ஜெசிந்தா கடற்கரைக்காரி. இரண்டு பேருக்கும் மேலும் கீழுமாகத் தொங்குபடுக்கை. முத்தரசிக்கு வாந்தி வந்த நாட்களில் சட்டி பிடித்தவள் ஜெசிந்தா, ஜெசிந்தாவுக்குக் கணக்கு வராத நாட்களில் போட்டுக் கொடுத்தவள் முத்தரசி.

ஜெசிந்தாவின் அப்பா நாலு வருஷத்துக்கு முந்தின புயலில் வள்ளத்தோடு போனவர். ஆளும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கி, பாஷை தெரியாத ஊரில், பேர் மறந்துபோய், மீன் காயப்போட்டுக்கொண்டிருப்பார் என்று ஜெசிந்தா நம்பினாள். அவள் கப்பலில் சேர்ந்ததே அதற்காகத்தான். போர்ட் பிளேரில் கரை இறங்கிய அன்று கூட்டம் கூட்டமாக நின்ற ஆட்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தாள். முத்தரசிக்கு அன்று சமையல் முறை. கப்பல் சமையல்காரரான பண்டாரி செல்லையாவோடு காய்கறி வாங்கப் போனவள், மீன் இறக்கும் பாலத்தில் தமிழ் பேசிய நாலைந்து பேரிடம், நாலு வருஷத்துக்கு முந்தின புயலில் இந்தப் பக்கம் ஒதுங்கிய ஆள் யாராவது உண்டா என்று தோழிக்காகக் கேட்டாள். அதில் ஒருவர் வலை பின்னுவதை நிறுத்திவிட்டு, எந்த ஊர், எந்தப் புயல் என்று கேட்டார். பிறகு சொன்னார். தெற்கே ஆள் இல்லாத ஒரு தீவில், முகப்பு உடைந்த வள்ளம் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது, உள்ளே ஒரு ஆள் காய்ந்த சருகுபோலக் கிடந்தார், போலீஸ் விசாரணைக்குப் பயந்து நாங்களே புன்னை மரத்தடியில் குழி தோண்டி அடக்கம் செய்து குச்சியில் சிலுவை கட்டி வைத்தோம், வலது கையில் ஜெசிந்தா என்று பச்சை குத்தியிருந்தது, பெண்டாட்டி பேராக இருக்கும் என்று நினைத்தோம் என்றார்.

முத்தரசி அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, ஜெசிந்தாவின் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தாள். முருங்கைக்காய்க் கட்டோடு அந்தச் செய்தியையும் கப்பலுக்குச் சுமந்து வந்தாள்.

திரும்பும் வழியில் நடுக்கடலில் எஞ்சின் நின்றது, மறுநாள் காற்றும் நின்றது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பாய்கள் துவைத்துப் போட்ட வேட்டிபோலத் தொங்கின. சமையலறைக்குக் கீழே இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று விரிசல் விட்டு, பாதித் தண்ணீர் அடித்தளத்தில் உப்போடு சேர்ந்துபோனதையும் அன்றுதான் கண்டுபிடித்தார்கள். கேப்டன் சபாபதி ரேடியோவில் பேசினார். இழுவைக் கப்பல் நாளை வரும் என்றார்கள். மறுநாள் கேட்டபோதும் நாளை என்றார்கள். வெயில் பாய்மரத்தின் தாரை உருக்கியது. ஆளுக்கு ஒரு தம்ளர் என்று தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். ஆனால் கேப்டன் பயிற்சியை நிறுத்தவில்லை, ஓடாத கப்பலிலும் ஏறு, அவிழ், சுருட்டு என்று நடந்துகொண்டேயிருந்தது.

பாய்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தண்டல் மீரான். பழைய தோணிகளில் ஓடியவர், காயல்பட்டினத்துக்காரர், அதனால் அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் என்று கூப்பிடுவதுபோல, கப்பலில் எல்லோருக்கும் அவர் காக்கா. நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் கெட்டது. அன்று மத்தியானம் ஜெசிந்தா போட்ட முடிச்சு அவிழ்ந்து குறுக்குக் கட்டை ஆடியபோது, அவர் கீழே நின்று, உன் வாப்பா உனக்கு ஒரு முடிச்சுப் போடக்கூடச் சொல்லித் தரலையா என்று கத்தினார். அவள் அப்பா கதை அவருக்குத் தெரியாது. ஜெசிந்தா மேலேயே பாய்த்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழ அழ அந்தப் பாய் உப்பியது, அதை அடுத்த பாய் உப்பியது, கயிறுகள் முறுக்கேறி முனகின, முகப்பின் அடியில் தண்ணீர் சலசலவென்று பிரிந்தது. மீரான் காக்கா மேலே பார்த்தார், கடலைப் பார்த்தார், சுக்கான் பிடித்திருந்த பையனிடம் மேற்கே திருப்பு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்ததும் காற்று நின்றது.

அது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நடந்தபோது யாரும் அதிசயப்படவில்லை. தாகத்தில் இருப்பவர்கள் கிணறு எப்படி வந்தது என்று கேட்பதில்லை. பண்டாரி செல்லையா ஒருநாள் வெங்காயத்தை நறுக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், கண்ணீர் வழிந்ததே ஒழிய ஒரு நூல்கூட அசையவில்லை. மனசு வலித்து அழுதால்தான் காற்று என்று தெரிந்துகொண்டார்கள். விம்மினால் இளங்காற்று, வாய்விட்டு அழுதால் எல்லாப் பாய்க்கும் போதும். கேப்டன் மேல்தளம் கழுவும் நேரத்துக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கரும்பலகையில் காற்று நேரம் என்று தன் கையால் எழுதிவைத்தார். அன்றே ரேடியோவில் இழுவைக் கப்பல் வேண்டாம், எங்களுக்குக் காற்று கிடைத்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைக் கதவுக்கு வெளியே நின்ற முத்தரசி கேட்டாள்.

ஆரம்பத்தில் அது பாசமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் துக்கத்தைச் சொன்னார்கள். தவசி என்ற பையன், லாரியில் அடிபட்ட தன் நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனதைச் சொன்னான். அமுதவல்லி, அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவள் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டதைச் சொன்னாள். மீரான் காக்காவே வந்து, பிறந்த அன்றே போய்விட்ட தன் மூத்த பிள்ளைக்குப் பேர்கூட வைக்கவில்லை என்றார். ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் அழுதாள், தன் வீட்டுத் துக்கம்போல அழுதாள், கப்பல் பிறத்தியார் துக்கத்தில் மேற்கே மேற்கே ஓடியது. சொல்லிவிட்டுப் போனவர்கள் லேசாகிப் போனார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு கயிறு இழுத்தார்கள். ஜெசிந்தாவுக்கு மட்டும் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது, சோறு இறங்கவில்லை. படுக்கையில் புரண்டு புரண்டு, ஏட்டி, அந்த நாய் என் மடியிலேயே கிடக்கமாரி இருக்குட்டி என்று முத்தரசியிடம் சொன்னாள்.

துக்கங்கள் தீர்ந்துபோயின. இருக்கிறதைச் சொன்னவர்கள் இல்லாததைச் சொல்லத் தொடங்கினார்கள், இல்லாத தங்கைகளைக் கொன்றார்கள், இருக்கிற அம்மாக்களைச் சாகடித்தார்கள். அதற்கு அவள் அழுதாலும் காற்று வரவில்லை. யார் பொய் சொன்னது என்று சண்டை வந்தது. பிறகு அவளுக்கு அழுகையே வரவில்லை. வறண்ட கண்ணோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். பாய்கள் தொங்கின. தண்ணீர் அரைத் தம்ளர் ஆனது. இரண்டு பையன்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபடி ரேடியோவில் பேசி, வேண்டாம் என்று தானே சொன்ன இழுவைக் கப்பலை வா என்று கூப்பிட கேப்டனுக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றார்.

அந்த ஒருநாளில்தான் அவளோடு யாரும் பேசவேண்டாம் என்ற பேச்சு வந்தது. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். அவள் கழுவிய இடத்தை மறுபடி கழுவினார்கள். மீரான் காக்கா காரணம் தேடித் தேடி ஏசினார், ஏசிவிட்டு மறுபக்கம் போய் ரொம்ப நேரம் தொழுதார். அமுதவல்லி அவள் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். ஜெசிந்தா அழுதாள். கப்பல் ஓடியது. அன்றைக்குச் சாப்பிடும்போது ஒருவரும் தலை நிமிரவில்லை.

முத்தரசி மட்டும் பேசினாள், பேசியதற்காக அவளுடைய காவல் முறையை மாற்றிப் போட்டார்கள். மறுநாளும் அதே கூத்துத் தொடங்கியபோது அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே கேப்டன் அறைக்குப் போனாள். அவளை விட்டுடுங்க சார், அவளுக்கு இதையெல்லாம்விடப் பெரிய துக்கம் ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு, அது அவளுக்கே இன்னும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கேப்டன் பேனாவை மூடிவைத்தார். உட்காரச் சொன்னார். மெல்ல மெல்லக் கேட்டு, தீவு, வள்ளம், கையில் இருந்த பேர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். காய்ச்சலில் கிடக்கும் இரண்டு பையன்களின் பெயரைச் சொன்னார். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல என்றார்.

"சார், அது எப்படி சார்..."

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையேம்மா. உண்மையைத்தானே சொல்லச் சொல்றேன்."

முத்தரசி எழுந்தாள். வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றாள், காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த அறையின் வாசலில் நின்றாள், மறுபடி தொட்டியருகே வந்தாள். கேப்டன் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடினாள். அப்பா செத்ததை மகளிடம் சொல்வது தப்பு இல்லை. சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்ததுதான் தப்பு. ஆனால் கேப்டன் அதற்குள் மேல்தளத்தில் எல்லாப் பாயையும் அவிழ்த்துத் தயாராக வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். பிள்ளைகள் காரணம் தெரியாமல் மேலே ஏறி ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுவதுபோல அவ்வளவு சுறுசுறுப்பாக விரித்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா முன்பக்கம் கயிற்றுச் சுருளின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். முத்தரசி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கரைக்குப் போயி, ஒங்க அம்மாவ வச்சிக்கிட்டு சொல்லணும்னுதான் இருந்தேன். இப்பச் சொன்னா காத்து வரும். எல்லாரும் அதுக்காவத்தான் நிக்காவ. நீ கேட்டாத்தான் சொல்லுவேன். கேக்கலேன்னா, யாரு என்ன சொன்னாலும் ஊரு போற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன்."

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு பாய்மரத்திலும் விரிந்து தயாராக நின்ற வெள்ளைத் துணிகளைப் பார்த்தாள். அவற்றின் கீழே கயிற்றைப் பிடித்தபடி, பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள். அவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்த எடத்துல?" என்றாள்.

"தெக்க ஒரு தீவுல. அடக்கம் பண்ணியாச்சு. புன்னை மரத்தடியில."

அவள் உதடு துடித்தது. எங்கேயோ உச்சியில் ஒரு பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. கயிறு பிடித்தவர்கள் கால்களை அகட்டி நின்றார்கள். ஜெசிந்தா இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். கையை எடுத்தபோது அவள் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் முத்தரசிக்குப் பயமாக இருந்தது.

"பாயை எல்லாம் சுருட்டச் சொல்லுட்டி. ஒண்ணு பாக்கி இல்லாம. எங்கப்பாவுக்கு நான் அழணும். அதுல யாரும் கப்பல் ஓட்டக்கூடாது."

முத்தரசி போய்ச் சொன்னாள். கேப்டனிடம் சொல்லவில்லை, கயிறு பிடித்து நின்றவர்களிடம் சொன்னாள், அவள் அப்பா செத்துப்போனார், இப்போதுதான் அவளுக்குத் தெரியும், பாயைச் சுருட்டிவிட்டுத்தான் அழுவாளாம் என்று சொன்னாள். அமுதவல்லிதான் முதலில் கயிற்றை விட்டாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நூலேணியில் ஏறினாள். பின்னால் தவசி ஏறினான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் ஏறினார்கள். கேப்டன் இறங்குங்கள் என்றார், என் உத்தரவு இல்லாமல் ஒரு பாய் சுருளக்கூடாது என்றார், பயிற்சிச் சான்றிதழைப் பற்றி ஏதோ சொன்னார். மேலே இருந்தவர்கள் கட்டைகளின்மேல் குனிந்து, இத்தனை நாள் கற்றுக்கொண்ட வேலையை முன்னெப்போதும் இல்லாத ஒழுங்கோடு செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் கேப்டன் குரல் இறங்கி, முன்பாயை மட்டுமாவது விட்டுவையுங்கள், காய்ச்சல்காரப் பையன்கள் இருக்கிறார்கள் என்று கெஞ்சுவதுபோலச் சொன்னார். அது நியாயமான பேச்சுதான், அது எல்லோருக்கும் தெரிந்தது, முன்பாயில் இருந்த பிள்ளைகள் தயங்கினார்கள். அப்போது மீரான் காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூட்டு வலிக் காலை ஊன்றி ஊன்றி முன் பாய்மரத்தில் ஏறினார். ஏறி முன்பாயைத் தானே சுருட்டி, தானே முடிச்சுப் போட்டார். காய்ச்சலில் கிடந்த பையன்களில் ஒருவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, கதவில் சாய்ந்து நின்றான்.

எல்லாம் சுருண்டு, மூன்று பாய்மரமும் இலை உதிர்ந்த மரம்போல ஆனபிறகு, ஜெசிந்தா மேல்தளத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

அப்படி ஒரு காற்றை அந்தக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை. கிழக்கிலிருந்து, நேரே ஊர்ப்பக்கம் அடித்த காற்று. எந்த மாலுமியும் நேர்ந்துகொண்டு கேட்கிற காற்று. வெறும் கட்டைகளுக்கு நடுவே ஊளையிட்டுக்கொண்டு, சுருட்டிய பாய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் கப்பலைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தது. ஒருவரும் ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை. பண்டாரி செல்லையா சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் ஜெசிந்தாவைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். பையன்கள் சற்றுத் தள்ளி, துக்க வீட்டுக்கு வந்த ஆண்கள் தெருவில் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவரவர் அழுகையை அவரவர் அழுதார்கள், இத்தனை நாள் அவளிடம் கொடுத்துவைத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டதுபோல அழுதார்கள். முத்தரசி அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா காலை உதறவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கேப்டன் சபாபதி தன் இடத்திலிருந்து இறங்கி வந்தார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவர் நிற்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார், பிறகு வெள்ளைச் சீருடையோடு ஈரத் தளத்தில் சம்மணம் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் அந்தக் கப்பலில் அவளிடம் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"சந்தியாகு பர்னாந்து சார்," என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரும் கேட்காமலே அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள், மீன் குழம்பில் அவருக்குப் புளி கூடுதலாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினாள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பேசப் பேசக் காற்று அடங்கியது.

மறுநாள் காலையில் கேப்டன் ரேடியோவில் பேசி, தவறு என்னுடையதுதான், கப்பலை இழுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார். போர்ட் பிளேரிலிருந்து வெறுங்கையாகச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு இழுவைக் கப்பல், மத்தியானத்துக்குள் பக்கத்தில் வந்து, முதலில் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றியது. காய்ச்சல்காரப் பையன்களுக்கு மருந்து கொடுத்தது. முத்தரசியும் தவசியும் கனத்த கயிற்றை வாங்கி முகப்பில் கட்டினார்கள். அந்தக் கப்பலின் விளிம்பில் நின்று கயிற்றை விட்டுக்கொடுத்த நடுவயது மாலுமி, சுருண்டு கிடந்த பாய்களை அண்ணாந்து பார்த்தார். நேற்று அப்படிக் காற்று அடித்ததே, எங்கள் கப்பலே ஆடிப்போயிற்றே, பாயை விரித்திருந்தால் பாதிக் கடல் தாண்டியிருக்கலாமே, எதற்கு விரிக்கவில்லை என்று கேட்டார்.

"கப்பல்ல ஒரு சாவு அண்ணே," என்றாள் முத்தரசி.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். யார் என்று கேட்டார்.

"எங்க ஜெசிந்தாவோட அப்பா."

"எப்ப?"

முத்தரசி கயிற்றை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தாள்.

"நேத்துச் சாயங்காலம்," என்றாள்.